கொதித்தால் போய்விடுமா?

ராணிப்பேட்டையில் இருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தார். தோல் வியாபார விஷயமாக ஜெர்மனிக்குப் போய்ச் சில மாதம் தங்கித் திரும்பியவர் அவர். அங்கே நாக்குக்குப் பழகிப்போன சாசேஜை வீட்டிலேயே சமைத்துப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வெங்காயத்தை வட்டம் வட்டமாக அரிந்து போட்டு, அது முழுகப் பீரை ஊற்றி, அதிலே சாசேஜை வேகவைத்து, பிறகு தோசைக்கல்லில் புரட்டிச் சிவக்க எடுக்கவேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இதற்குச் சரியான பீர் எது என்பதுதான் அவருடைய கேள்வி.

நாவல் எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்துக்கொண்டேதான் படித்தேன். கடிதத்தின் அடியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாராம். மேல்விஷாரத்து பாயும் வருகிறாராம். அதற்காகவே பன்றி இறைச்சியை விட்டுவிட்டுக் கோழி சாசேஜாக வாங்கிவிட்டாராம். "பீர் கொதித்தால் எல்லாம் போய்விடும் அல்லவா?" என்று முடித்திருந்தார்.

இங்கே சிரிப்பு நின்றுவிட்டது. பன்றி இறைச்சி வேண்டாம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை; தாமாகவே ஒதுக்கினார். பீரை மட்டும் ஒதுக்கவில்லை. ஏனென்றால் இறைச்சி தட்டிலே கிடக்கும். பீர் கண்ணுக்குத் தெரியாது. சரியான பீர் எது என்று கேட்டாரே, அந்தச் 'சரி' என்ற சொல்லுக்குள் ருசி மட்டும் இல்லை.

இருந்தாலும் அடுப்படிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். கேட்டவர் பசியோடு கேட்டிருக்கிறார்.

சாசேஜ் என்பது கொத்திய இறைச்சியோடு கொழுப்பு, உப்பு, மிளகு முதலியவற்றைப் பிசைந்து குழலில் அடைத்துக் கட்டிய பண்டம். அந்தக் குழல் ஆதியில் ஆட்டுக் குடல் அல்லது பன்றிக் குடல். குடல் என்றதும் முகம் சுளிக்கவேண்டாம். போட்டி வறுவலை ஆசையோடு சாப்பிடுகிறவர்கள் நாம். பீரிலே அதை வேகவைப்பது, ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியவர்களிடையே பெயர்பெற்ற முறை. ஜெர்மனியிலே பெரும்பாலும் சாசேஜைத் தணலில் சுட்டுவிட்டுப் பீரைப் பக்கத்தில் வைத்துக் குடிப்பார்கள். மியூனிக் நகரத்து வெள்ளைச் சாசேஜ் வெந்நீரில் சூடாகிறது; கூடவே கோதுமைப் பீர் வருகிறது. பீருக்கு இடம் பாத்திரத்துக்கு வெளியே.

பாத்திரத்துக்குள்ளேதான் ஊற்றுவது என்றால் கவனிக்கவேண்டியது கசப்பு. பீருக்குக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. அந்தக் கசப்பு ஆவியாவதில்லை. பீர் வற்ற வற்ற, இருக்கிற கசப்பு மிச்சமிருக்கிற கொஞ்சத் திரவத்திலே குவிகிறது. குடிக்கும்போது நாக்குக்கு இதமாக இருந்த பீர், அரைமணி நேரம் சுண்டியபின் வேப்பிலைக் கஷாயம் ஆகிவிடும். ஆகவே கசப்புக் குறைந்த லேசான லாகர் பீரோ, கோதுமைப் பீரோ நல்லது. மாட்டிறைச்சிச் சாசேஜுக்குக் கருகிய மால்ட்டில் செய்த கறுத்த பீரும் ஒத்துவரும். ஆனால் நம்மூர் டாஸ்மாக் கடையில் அதைத் தேடிப் பயனில்லை. அங்கே அதிகம் விற்பது 'ஸ்ட்ராங்' என்று எழுதிய புட்டி. எட்டு சதவீதம் வரை சாராயச் சத்து இருக்கும். காரமான நெடி, பின்னால் ஓர் அசட்டுத் தித்திப்பு. அது வேண்டாம். விலை உயர்ந்த பீரும் வேண்டாம். எந்த வாசனைக்காக அதிகக் காசு கொடுத்தோமோ, அந்த வாசனைதான் முதல் ஐந்து நிமிஷத்தில் கூரையைப் பார்த்துப் போகும்.

இன்னொன்று: தளதளவென்று கொதிக்க விடக்கூடாது. ஓரத்திலே சின்னக் குமிழி எழும்பினால் போதும். அதற்கு மேலே போனால் சாசேஜின் தோல் சுருங்கும், இழுக்கும், வெடிக்கும். இதை ராணிப்பேட்டைக்காரருக்கு நான் விளக்கவேண்டியதே இல்லை. பச்சைத்தோல் அறுபது டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலே சுருண்டுவிடும் என்பது டேனரியில் வேலை செய்கிற பையனுக்கும் தெரியும்.

தோல் என்று வாய்தவறிச் சொல்லவில்லை. இப்போது உலகத்தில் விற்கிற சாசேஜ்களில் ஏராளமானவற்றுக்கு மேலுறை குடல் அல்ல. மாட்டுத்தோலைப் பிளந்து மேல் அடுக்கைச் செருப்புக்கும் பைக்கும் எடுத்துக்கொண்டபின் கீழே மிஞ்சும் அடுக்கு இருக்கிறதல்லவா, தொழிலில் 'ஸ்பிளிட்' என்பார்களே, அதை அரைத்துக் கூழாக்கிக் குழலாக இழுத்துச் செய்கிற உறை அது. ஆம்பூரில் பூட்ஸாகப் போகிற தோலுக்கும் ஜெர்மன்காரன் தட்டில் இருக்கிற சாசேஜுக்கும் இப்படி ஓர் உறவு. நண்பர் இதைக் கேட்டு மகிழ்வார். ஆனால் கொஞ்சம் யோசித்தால் மகிழ்ச்சி குறையும். கோழி சாசேஜ் என்று வாங்குகிறோம். சில வகைகளுக்கு உறையே கிடையாது. சிலவற்றின் உறை மாட்டுத்தோலில் வந்தது. பசுவைத் தெய்வமாக நினைக்கிற ஒருவர் 'கோழிதானே' என்று நம்பிச் சாப்பிடுகிறார். உள்ளே கோழிதான், சொன்னது பொய்யில்லை. சொல்லாமல் விட்டது வெளியிலே சுற்றியிருக்கிறது.

இனி, கொதித்தால் போய்விடுமா?

படித்தவர்களும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கிறது, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, ஆகவே முன்னது முழுவதும் போனபிறகுதான் பின்னது கிளம்பும் என்று ஒரு கணக்கு. இரண்டு பேர் வரிசையில் நிற்பதுபோல நினைத்துக்கொள்கிறார்கள். கலந்துவிட்ட இரண்டு திரவங்கள் அப்படி வரிசையில் நிற்பதில்லை; தோளோடு தோளாகத்தான் வெளியேறுகின்றன. அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சிக் குழு பல பண்டங்களை மதுவிட்டுச் சமைத்து, மிச்சத்தை அளந்து, 1992-ல் வெளியிட்டது. சமைக்கிற முறைக்கும் நேரத்துக்கும் ஏற்ப, ஊற்றியதில் நூற்றுக்கு ஐந்து பங்கிலிருந்து எண்பத்தைந்து பங்கு வரை தங்கியிருந்தது. கலந்து கால்மணி நேரம் வேகவைத்தால் நூற்றுக்கு நாற்பது பங்கு நிற்கும், அரைமணியில் முப்பத்தைந்து, ஒருமணியில் இருபத்தைந்து. இரண்டரை மணி நேரம் வெந்தாலும் ஐந்து பங்கு நிற்கிறது. ஹோட்டல்களில் வேடிக்கை காட்டுவதற்காகத் தீக்கொளுத்துகிறார்களே, ஆல்கஹால் எல்லாம் பற்றி எரிந்துவிட்டதுபோல இருக்கும். அதிலே முக்கால் பங்கு தட்டுக்கு வந்துவிடுகிறது.

நண்பருடைய பாத்திரத்துக்குக் கணக்குப் போடுவோம். ஒரு பெரிய புட்டி 650 மில்லி. ஐந்து சதவீதப் பீர் என்றால் அதில் ஆல்கஹால் ஏறத்தாழ 32 மில்லி. அரைமணி நேரத்துக்குப் பின் 11 மில்லி நிற்கும். ஸ்ட்ராங் பீர் என்றால் 18 மில்லி. சாசேஜை மட்டும் எடுத்துக்கொண்டு சாற்றைக் கொட்டிவிட்டால் சாப்பிடுகிறவர் வயிற்றுக்குப் போவது சொற்பம். ஆனால் யார் கொட்டுகிறார்கள்? அந்த வெங்காயச் சாற்றைச் சுண்டவைத்து மேலே ஊற்றுவதற்காகத்தானே இத்தனை பாடும்!

நாலு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு மூன்று மில்லி. யாருக்கும் போதை ஏறாது. ஆகவே 'போய்விடும்' என்பது பொய். 'ஒன்றும் ஆகாது' என்பது பெரும்பாலும் நிஜம். மனிதர்கள் இந்த இரண்டில் முதலாவதைச் சொல்லி இரண்டாவதன் பலனை அடையப் பார்க்கிறார்கள். 'இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான்' என்று சொன்னால் எதிரில் இருப்பவர் யோசிப்பார். வேண்டாம் என்று சொல்லவும் கூடும். 'போய்விட்டது' என்று சொன்னால் அவர் யோசிப்பதற்கே ஒன்றுமில்லாமல் போகிறது.

'போய்விடும்' என்ற இந்தச் சொல்லை இந்தியாவில் எந்த ஊர் நம்பினாலும் ராணிப்பேட்டை நம்பக்கூடாது. இரண்டு தலைமுறையாக அந்த ஊர் கேட்டுவந்த சொல் அது.

அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோம் உப்பு வந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை இப்போது ஒரு நாளில் முடிகிறது. டிரம்மிலே தோலையும் குரோமையும் போட்டுச் சுழற்றினால் தோல் நீலம் பாரித்து வெளிவருகிறது. அதில் குரோம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுகிறார்கள். சுருங்கினால் வேலை சரியில்லை. சுருங்காமல் நின்றால், குரோம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். கொதித்தாலும் போகாது என்பதுதான் அங்கே பரீட்சை. அதிலே தேறினால்தான் சரக்குக் கப்பல் ஏறும்.

உட்கார்ந்தது அப்படி. உட்காராதது? பழைய முறையில் டிரம்மில் போடுகிற குரோமில் தோல் குடிப்பது நூற்றுக்கு அறுபது, எழுபது பங்குதான். மிச்சம் தண்ணீரோடு வெளியே போகும். வெளியே என்றால் எங்கே? வாய்க்காலுக்கு, ஏரிக்கு, பாலாற்று மணலுக்கு. மழை வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும் என்றார்கள். போகவில்லை. கிணற்றில் இருந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்னது: மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கொடுக்கவேண்டும், கேடு வராது என்று காட்டும் பொறுப்பும் தொழில் நடத்துகிறவருடையதே என்று. இந்தியச் சட்டத்தில் அந்த நியதிகள் வேரூன்றியதற்கு நம்முடைய பாலாற்றங்கரைதான் காரணம். ராணிப்பேட்டையில் குரோமேட் உப்புச் செய்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் தொழிற்சாலை தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். ஆலை போய்விட்டது, கழிவு இருந்தது. 2006-ல் நியூயார்க்கிலிருந்து ஒரு நிறுவனம், உலகத்தில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று பட்டியல் போட்டபோது அதில் ராணிப்பேட்டை இருந்தது. 2015 ஜனவரி 31 விடியுமுன் சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அந்தச் சேற்றில் மாண்டார்கள்.

ஒரு புட்டிப் பீரைப் பேச வந்தவன் பத்துப் பிணங்களைக் கொண்டுவந்து வைக்கிறானே என்று கோபிக்க வேண்டாம். இரண்டையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. தோல் தொழில் செய்கிறவர்களை அரக்கர்கள் என்றும் சொல்லமாட்டேன். அந்தத் தொழில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பணம் கட்டிக்கொண்டு, நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நான் சொல்வது மனசின் ஒரு பழக்கத்தைப் பற்றி. நமக்கு வேண்டிய காரியத்தை முடித்துக் கொடுத்த ஒரு பொருள், காரியம் முடிந்ததும் இல்லாமல் போய்விட்டது என்று நம்புவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பெரிய டிரம்மானாலும் சின்ன வாணலியானாலும் அந்தச் சௌகரியம் ஒன்றுதான்.

இனி விருந்து மேசைக்கு வருவோம்.

இந்தப் பேச்சை எடுத்தால் உடனே சாமர்த்தியமாக மடக்குகிறவர்கள் உண்டு. "இட்லி மாவு புளிக்கும்போதும் துளி ஆல்கஹால் உண்டாகிறதே? அந்தக் காலத்து ஆப்பத்துக்குக் கள் விட்டுத்தானே மாவைப் பொங்கவைத்தார்கள்? ரொட்டியில் இல்லையா? தசமூலாரிஷ்டம் குடிக்கிற பாட்டியம்மாளை என்ன சொல்வீர்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விகள். அரிஷ்டத்தில் தானாக உண்டாகிற ஆல்கஹால் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை இருக்கும். பீரை விடக் குறைவில்லை. மதுவைக் கண்டாலே காத தூரம் ஓடுகிற குடும்பத்தில் அலமாரியிலே அந்தப் புட்டி நிற்கும். 1939-ல் வட ஆற்காடு ஜில்லாவுக்கு மதுவிலக்கு வந்தது. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதுக்கும் வந்தது. அப்போதும் அரிஷ்டம் குடித்த பாட்டிகள் உண்டு. அவர்கள் குடிகாரிகள் அல்ல.

முஸ்லிம் சட்ட அறிஞர்களும் இதிலே மிக நுட்பமாக வாதித்திருக்கிறார்கள். மது தானாகப் புளித்துக் காடியாகிவிட்டால் அது மது அல்ல, உண்ணலாம் என்பதில் அநேகமாக எல்லோருக்கும் சம்மதம். மனிதன் வேண்டுமென்றே ஏதாவது சேர்த்து மதுவைக் காடியாக மாற்றினால்? ஆகலாம் என்பார்கள் ஹனஃபி வழியினர். ஷாஃபி வழியினர் ஆகாது என்பார்கள். ஒரு பொருள் எந்தக் கணத்தில் தன் பெயரை இழந்து இன்னொன்றாகிறது என்ற கேள்வியை, ஆயிரம் வருஷத்துக்கு மேலாகச் சிரத்தையோடு யோசித்தவர்கள் அவர்கள். மேல்விஷாரத்து பாய் அந்த நுட்பங்களைப் படித்தவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் யோசித்து முடிவு செய்யவேண்டியவர் அவர். என் நண்பர் என்ன செய்கிறார்? பாய்க்காகத் தாமே யோசித்து, தாமே தீர்ப்புச் சொல்லி, தீர்ப்பை பாய்க்குத் தெரிவிக்காமல் அவர் தட்டில் பரிமாறுகிறார்.

அரிஷ்டப் புட்டியை எடுத்துப் பாருங்கள். தானாக உண்டான ஆல்கஹால் இத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். பாட்டியம்மாள் அதைப் படிக்காமல் இருக்கலாம், புட்டி மறைக்கவில்லை. இட்லி எப்படிப் பொங்குகிறது என்பதும் ஊருக்கெல்லாம் தெரியும். விருந்தாளி வீட்டிலும் அப்படித்தான் பொங்குகிறது. அளவு அல்ல இங்கே பேச்சு. இட்லியில் இருக்கிற துளி இரண்டு பேருக்கும் தெரிந்த துளி. வெங்காயச் சாற்றில் இருக்கிற துளி ஒருவருக்கு மட்டும் தெரிந்த துளி.

பாயை விட்டுவிடுவோம். அவருக்கு நேருவது மனவருத்தம்; அதையும் அவர் அறியாமலே போகலாம். அந்த நாலு பேரில் இன்னொருவர், குடியை விட்டவராக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலே நாலு பேரைக் கூப்பிட்டால் அதில் அப்படி ஒருவர் இருப்பது அதிசயமா? சென்னையில் டி.டி.ரங்கநாதன் பெயரால் 1980-ல் தொடங்கிய மருத்துவ நிலையம் முதலாக எத்தனையோ இடங்களில் இதற்கு வைத்தியம் நடக்கிறது. விட்டவர்களில் சிலர் டைசல்ஃபிரம் என்ற மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதன் கதையே விசித்திரமானது. ரப்பரைப் பதப்படுத்துகிற ரசாயனம் அது. அதைக் கையாண்ட தொழிலாளிகள் மாலையில் ஒரு மடக்குக் குடித்தாலும் முகம் சிவந்து தள்ளாடியதை 1937-ல் அமெரிக்காவில் ஒரு டாக்டர் கவனித்தார். 1948-ல் கோபன்ஹேகனில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், தாங்களே விழுங்கிப் பார்த்து அவஸ்தைப்பட்டபின், அதைக் குடிநோய்க்கு மருந்தாக்கினார்கள். மாத்திரை உடம்பில் இருக்கையில் ஆல்கஹால் போனால் முகம் ஜிவ்வென்று சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும். இருதயம் பலவீனமானவருக்கு உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இருமல் டானிக், காடி, மது சேர்த்த குழம்பு எதுவும் தொடாதீர்கள் என்று டாக்டர்கள் எச்சரித்து அனுப்புகிறார்கள். நிறுத்தி இரண்டு வாரம் ஆனாலும் அதன் வேகம் தங்கியிருக்கக் கூடும். அவருக்கு மூன்று மில்லி என்பது 'ஒன்றும் ஆகாது' என்று தைரியமாகச் சொல்லக்கூடிய அளவு அல்ல.

இந்த மாத்திரையைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பஸ் நிலையத்துச் சுவரிலும் மூத்திரச் சந்துகளிலும் ஒட்டியிருக்கிற நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். குடியை மறக்க மருந்து. அவருக்குத் தெரியாமலே சோற்றிலோ காப்பியிலோ கலந்து கொடுக்கலாம் என்று விளம்பரம். சில வீடுகளில் மனைவிமார் இந்த டைசல்ஃபிரத்தையே பொடி செய்து ரகசியமாகக் குழம்பில் கலப்பதுண்டு. அவள் யார்? தாலியை அடகு வைத்து, பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்தைக் கடன் வாங்கிக் கட்டி, ராத்திரி அடியும் வாங்கிக்கொண்டு, விடிந்தால் அவனுக்கே சோறு பொங்குகிறவள். அவளை எதிரே உட்காரவைத்து நீதி சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அது ஆபத்து. மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் அவன் வழக்கம்போலக் கடைக்குப் போவான். அங்கே விழுந்தால், எதனால் விழுந்தான் என்று டாக்டருக்கும் தெரியாது. சொல்லிக் கொடுத்தால் மருந்தாக இருப்பது, சொல்லாமல் கொடுத்தால் விஷத்துக்குச் சமமாகிவிடுகிறது. மாத்திரையிலே ஒரு மாற்றமும் இல்லை. மாறியது என்ன?

இவளுடைய நெருக்கடி என் நண்பருக்குக் கிடையாது. அவருக்கு வேண்டியது தாம் ஆசைப்பட்ட ருசியும், நாலு பேரின் பாராட்டும். அதற்காக மறைக்கிறவரையும் உயிருக்குப் பயந்து மறைக்கிறவளையும் ஒன்றாக வைத்துப் பேசமாட்டேன். ஒன்று மட்டும் இரண்டு இடத்திலும் பொதுவாக இருக்கிறது: தன் வாய்க்குள் என்ன போகிறது என்பதைத் தீர்மானிக்கிற அதிகாரம் ஒருவனிடமிருந்து அவன் அறியாமல் எடுக்கப்படுகிறது. குழந்தைக்கு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறோம். வளர்ந்த மனிதனுக்கு அப்படிச் செய்யும்போது, அவனைக் குழந்தை ஆக்கிவிட்டோம் என்பதையாவது நாம் உணர்ந்திருக்கவேண்டும்.

சொன்னால் விருந்து கெட்டுவிடாதா என்று கேட்கலாம். எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. எல்லோரும் உட்கார்ந்து இலைபோட்டபின், "பாய், இதிலே பீர் ஊற்றியிருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்பது சொல்வதாகாது, அது இக்கட்டில் மாட்டிவைப்பது. முகத்தாட்சண்யத்துக்காக அவர் சாப்பிட்டுவிடவும் கூடும். முதல் நாளே டெலிபோனில், "பாய், நாளைக்கு ரெண்டு பாத்திரம் வைக்கிறேன். ஒன்னு ஜெர்மன்காரன் செய்யற மாதிரி, ஒன்னு நம்ம மாதிரி. கரண்டியெல்லாம் தனித்தனி" என்று சொல்லிவிட்டால் போயிற்று. கறியை எங்கே வாங்கினீர்கள் என்று அவரும் கூச்சமில்லாமல் கேட்பார். குடியை விட்டவர் யார் என்று விசாரித்துக்கொண்டு போகவேண்டியதில்லை. அவர் காதிலும் விழும்படி பொதுவாகச் சொன்னால் எந்தப் பாத்திரம் என்பதை அவரே பார்த்துக்கொள்வார். அவர் மனைவி காதில் விழுந்தால் இன்னும் நல்லது.

அடுப்பிலிருந்து எழும்பும் வாசனை என்று ஒன்றும் இருக்கிறது. நமக்குப் பசியைத் தூண்டுகிற அந்தப் பீர் வாசனை, ஒருத்திக்குப் பத்து வருஷத்து ராத்திரிகளை ஞாபகப்படுத்தலாம். அதற்குத் தனிக் கரண்டி கிடையாது. இப்போது ஆல்கஹால் நீக்கிய பீர் என்று டின்னில் விற்கிறார்கள். பல நாடுகளில் அரை சதவீதம் வரை இருந்தாலும் அந்தப் பெயரை அனுமதிக்கிறார்கள். சிலருக்கு அது வசதி. சிலருக்குப் பெயரே ஆகாது. வாசனையும் அப்படியே இருக்கும்.

என்னைக் கேட்டால், நம்ம மாதிரி என்று சொல்லிவைக்கிற அந்த இரண்டாவது பாத்திரத்துக்குத்தான் அதிகப் புத்தி செலவழிப்பேன். பீரின் ருசிக்கு அஸ்திவாரம் மால்ட். மால்ட் என்பது முளைகட்டி வறுத்த தானியம். வெள்ளைக்காரன் பார்லியை முளைகட்டுகிறான். கேழ்வரகை முளைகட்டி வறுத்துக் கஞ்சி காய்ச்சுவது நம் ஜில்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்த சமாசாரம். அந்த மாவை நீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் எடுத்து, வெங்காயமும் ஒரு கரண்டிப் புளித் தண்ணீரும் விடலாம். கசப்பு வேண்டுமானால் வெந்தயம் நாலு. இதுவும் தளதளவென்று கொதிக்கக்கூடாது. ஜெர்மன்காரன் ஒப்புக்கொள்ளமாட்டான் என்று நண்பர் சொல்வார். அவன்தான் ஞாயிற்றுக்கிழமை வரவில்லையே! அவனுடைய நாட்டில் பவேரியா என்ற பகுதியில் 1516-லேயே ஒரு சட்டம் போட்டார்கள்: பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறொன்றும் சேரக்கூடாது என்று. இந்த மூன்றையும் பீராக்குகிற ஈஸ்ட் அந்தச் சட்டத்தில் இல்லை. அது ஒன்று இருப்பதே அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாது.

தெரிந்ததைத்தான் சொல்லமுடியும் என்பது உண்மைதான். இந்தப் பாத்திரங்களுக்கு ஊற்றுகிற தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் என்ன கரைந்திருக்கிறது என்பது சமைக்கிறவருக்கே தெரியாது. பாலாற்றங்கரை ஊர்களில் எத்தனையோ வீடுகளில் கிணறு இருக்கிறது, போர் இருக்கிறது. உலையில் வைப்பதற்கு விலைக்கு வாங்கிய கேன் தண்ணீர் தனியாக இருக்கிறது. வெளியூர்க்காரர் வந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால், வீட்டு அம்மாள் டம்ளரைக் கையில் கொடுக்கும்போதே, "கேன் தண்ணிதாங்க, குடிங்க" என்கிறாள். அவர் அதைக் கேட்கவில்லை. அவளும் அதற்காகக் கூச்சப்படுவதாகத் தெரியவில்லை.